கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் கலங்களுக்கு என்ன நடக்கிறது?

சுகாதாரப் பாடம்



இம்முறை பாடத்துக்குக் காரணம் ஒரு கடிதம். புத்தளத்துக்கு வடக்கே, வண்ணாத்திவில்லில் கஜுத் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு சகோதரி எழுதியிருந்தார். பிறந்து வளர்ந்தது தேயிலை மலையில். கலியாணம் முடித்துப் போனது கரையோரத்துக்கு. வேலையை விட்டு நின்ற அப்பாவையும் தன்னோடு வைத்துப் பார்க்கிறார். அப்பாவுக்கு வலது கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. இடது கண் இன்னும் தெரிகிறது. குளுக்கோமா என்று சொல்லி, கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஊற்றினார், பிறகு நிறுத்திவிட்டார். "ஊத்தி ஊத்திப் பாத்தாச்சு புள்ள. போன கண்ணு வரல. சும்மா ஏன் பஸ்ஸுக்குக் காசக் குடுத்துக்கிட்டு அலையணும்?" என்கிறாராம்.

சகோதரி எங்களிடம் கேட்பது இதுதான்: "அப்பா சொல்றது சரியா? பார்வையைத் திருப்பித் தராத மருந்தை ஏன் விட வேணும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மருந்தை நிறுத்தக் கூடாது. அந்த மருந்து போன பார்வையைக் கொண்டுவருவதற்கு அல்ல, இருக்கிற பார்வையைக் காப்பதற்கு. ஆனால் "விடு" என்று சொன்னால் மட்டும் ஒருவர் வருடக்கணக்கில் மருந்து விடமாட்டார். கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று விளங்கினால் விடுவார். ஆகவே இந்தப் பாடத்தைச் சற்று ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

1. கண்ணுக்குள் ஒரு பீலியும் ஒரு கானும்

நமது கண் காற்றடித்த பந்து அல்ல. தண்ணீர் நிரம்பிய பந்து. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல. கண்ணீர் வெளியே ஓடுவது. இது உள்ளே ஊறுவது. லயத்துப் பீலியிலே தண்ணீர் விழுகிற மாதிரி இரவும் பகலும் நிற்காமல் ஊறும். அளவு மிகக் கொஞ்சம்: 15, 20 நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சொட்டு.

ஊறுகிற நீர் வெளியேறவும் வேண்டுமே. அதற்குக் கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, வலை போன்ற ஒரு வடிகால் இருக்கிறது. அதைக் கண்ணின் கான் என்று வைத்துக்கொள்வோம். மலையிலே கான் அடைபட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் தேங்கும், மண் பிளக்கும். கண்ணிலும் கான் அடைபட்டால் நீர் தேங்கும். ஆனால் கண்ணுக்குப் பிளக்க வழியில்லை. ஆகவே உள்ளே அழுத்தம் கூடும்.

வண்ணாத்திவில்லுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு உதாரணம். அங்கே நிலத்துக்கு அடியில், சுண்ணாம்புக் கல் படைக்குள் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேலே இறுகிய மண் படை மூடியிருப்பதால் அந்தத் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கிறது. ஆழமாகக் குழாய்க் கிணறு இறக்கினால், தண்ணீர் தானாகவே குழாய்க்குள் மேலே ஏறும். மூடிய இடத்தில் நிற்கும் தண்ணீருக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அதுவே சாட்சி.

கண் அழுத்தத்தை டொக்டர்மார் மில்லிமீற்றர் இரசம் என்ற அளவில் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 10க்கும் 21க்கும் இடையில் இருக்கும். இந்த அழுத்தம் வேறு, கையில் பட்டி கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறு. "எனக்குப் பிரஷர் குளிசை இருக்குது, அதனால கண்ணுக்குப் பயமில்ல" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பிரஷர் குளிசை கண் அழுத்தத்துக்கு மருந்தாகாது.

2. பத்து லட்சம் நார்கள், ஒரே வாசல்

கண்ணின் பின்சுவரில் மெல்லிய தாள் போல ஒட்டியிருப்பது விழித்திரை. வெளிச்சத்தைப் பிடிக்கும் கலங்கள் அதில்தான் இருக்கின்றன. அவை பிடித்த செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது வேறொரு வகைக் கலம். அதற்குத் திரட்டுக் கலம் என்று பெயர். ஒரு கண்ணில் இப்படிப்பட்ட கலங்கள் ஏறத்தாழ பத்து லட்சம்.

ஒவ்வொரு திரட்டுக் கலத்தையும் ஒரு தேயிலைச் செடியாக நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அதற்குக் கிளைகள் உண்டு. அக்கிளைகளால் பக்கத்துக் கலங்களிடமிருந்து செய்தி வாங்குகிறது. மறுபக்கம் ஒரே ஒரு நீண்ட நார், ஆணிவேர் மாதிரி. அந்த நார் கண்ணை விட்டு வெளியேறி மூளை வரைக்கும் போகிறது. பத்து லட்சம் நார்களும் சேர்ந்து ஒரு கயிறாகின்றன. அதுதான் பார்வை நரம்பு.

இத்தனை நார்களும் கண்ணை விட்டு வெளியேற ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலில் ஒரு சல்லடை இருக்கிறது. நார்கள் சிறு சிறு கற்றையாகச் சல்லடைக் கண்களுக்குள் நுழைந்து வெளியே போகின்றன. கண்ணின் சுவர் தடிப்பானது; இந்தச் சல்லடை உள்ள இடம்தான் பலவீனமானது. ஆகவே அழுத்தம் கூடும்போது முதல் அடி விழுவது இங்கேதான்.

3. அழுத்தம் கூடும்போது கலம் என்ன செய்கிறது?

அழுத்தம் கூடியவுடனே கலம் செத்துப்போவதில்லை. படிப்படியாகத்தான் நடக்கிறது.

முதற்படி: சல்லடை பின்பக்கமாக வளைகிறது. அதன் துளைகள் கோணலாகின்றன. துளைக்குள் போகும் நார்கள் நெரிபடுகின்றன. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் நெரிபடுவதால் இரத்த ஓட்டம் குறைகிறது.

இரண்டாம் படி: போக்குவரத்துத் தடைப்படுகிறது. நாருக்குள்ளே எந்நேரமும் போக்குவரத்து உண்டு. கலத்திலிருந்து சத்தும் சக்தி தரும் பொருட்களும் மூளைப் பக்கம் போகின்றன. "உயிரோடு இரு, வளர்" என்று சொல்லும் ஊட்டப் பொருட்கள் மூளைப் பக்கமிருந்து கலத்துக்கு வருகின்றன. பாதையில் மண் சரிந்தால் தோட்டத்துக்கு அரிசி லொறி வராதது போல, நார் நெரிபட்டால் அந்த ஊட்டம் வருவதில்லை. கலம் பட்டினி கிடக்கிறது.

மூன்றாம் படி: கலம் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. கிளைகள் குட்டையாகின்றன. பக்கத்துக் கலங்களோடு இருந்த தொடர்புகள் அறுகின்றன. இந்நிலையில் கலத்துக்கு உயிர் இருக்கிறது, ஆனால் ஒழுங்காக வேலை செய்வதில்லை.

நான்காம் படி: அக்கம்பக்கத்துக் கலங்கள் ஓடி வருகின்றன. விழித்திரையில் செய்தி கொண்டுபோகும் கலங்கள் மட்டுமல்ல, அவற்றைப் பராமரிக்கும் கலங்களும் உண்டு. முல்லர் கலங்கள் விழித்திரையைத் தூண் போலத் தாங்கிக் கழிவை அகற்றுகின்றன. நட்சத்திர வடிவக் கலங்கள் நார்களுக்குத் துணை நிற்கின்றன. துப்புரவு செய்யும் சிறு கலங்களும் இருக்கின்றன. சேதம் தொடங்கியதும் இவையெல்லாம் விழித்தெழுகின்றன, பெருக்கின்றன. ஆரம்பத்தில் இது உதவி. ஆனால் அழுத்தம் நாட்பட்டு நின்றால் இவர்களே தொல்லையாகிறார்கள். அழற்சியை உண்டாக்கும் பொருட்களை வெளிவிட்டு, தப்பியிருக்கக்கூடிய கலங்களையும் கெடுக்கிறார்கள். நெருப்பணைக்க வந்த கூட்டம் கூரையையும் பிரித்துப் போட்ட கதைதான்.

ஐந்தாம் படி: கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் "இனிப் பிழைக்க வழியில்லை" என்ற கட்டத்தில் தன்னை ஒழுங்காகக் கலைத்துவிடும் ஏற்பாடு உண்டு. ஊட்டம் வராத திரட்டுக் கலம் கடைசியில் அதைச் செய்கிறது. அதன் நாரும் அழிகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். வெளிச்சத்தைப் பிடிக்கும் கலங்கள் இந்நோயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. தபால் எழுதுகிறவர் இருக்கிறார், கொண்டுபோகிறவர்தான் இல்லை. அதனால்தான் குளுக்கோமாவில் போன பார்வைக்குக் கண்ணாடி போட்டும் பயனில்லை.

4. கவ்வாத்தும் வேரும்

இப்பாடத்தில் நீங்கள் மறக்கக் கூடாத இடம் இதுதான்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் செடி மொட்டையாக நிற்கும். புதிதாகப் பார்க்கிறவன் "செத்துப்போச்சு" என்பான். நமக்குத் தெரியும், வேர் நன்றாக இருந்தால் துளிர்க்கும். ஆனால் வேர் அழுகிய செடிக்கு எத்தனை மூட்டை உரம் போட்டாலும் துளிர்க்காது.

திரட்டுக் கலமும் அப்படித்தான். மூன்றாம் படியில் இருப்பது கவ்வாத்து வெட்டிய செடி. அந்நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்தால், அதில் ஒரு பகுதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கலாம் என்று விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஐந்தாம் படியைத் தாண்டியது வேர் அழுகிய செடி. அது வராது.

மீனுக்குப் பார்வை நரம்பு அறுந்தால் திரும்ப வளரும். தவளைக்கும் வளரும். சில மீன்களில், நாம் மேலே சொன்ன முல்லர் கலங்களே புதிய நரம்புக் கலங்களாக மாறி விழித்திரையைச் சரிப்படுத்துகின்றன. மனிதருக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. நமது முல்லர் கலங்கள் தழும்பு போடுகின்றன; புதிய கலம் தருவதில்லை. இதை மாற்ற முடியுமா என்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் முயற்சி நடக்கிறது. பீ3 விற்றமின் கலத்துக்குச் சக்தி கொடுத்துக் காக்கிறது என்று 2017இல் எலிகளில் கண்டு, பிறகு மனிதரிலும் சோதித்து வருகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு பார்மசிக்கு ஓட வேண்டாம். அதிக அளவு விற்றமின் ஈரலைக் கெடுக்கக்கூடியது. அது சொட்டு மருந்துக்குப் பதிலாகாது.

5. ஏன் நமக்குத் தெரியாமல் போகிறது?

சாதாரண வகைக் குளுக்கோமாவில் வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் போவது ஓரப் பார்வை. நேரே பார்ப்பது கடைசி வரை தெளிவாக இருக்கும். ஒரு கண்ணில் குறைந்ததை மற்றக் கண் ஈடு செய்துவிடும். மீதி இடைவெளியை மூளையே நிரப்பிவிடும். ஆகவே கறுப்பாக ஒன்றும் தெரியாது. அங்கே ஒன்றும் இல்லை என்பதே தெரியாது.

பார்வைப் பரப்பைச் சோதிக்கும் கருவியில் குறை தெரியத் தொடங்கும்போதே, 100 திரட்டுக் கலங்களில் 25 முதல் 35 வரை போயிருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கருவிக்கே அவ்வளவு பிந்தித் தெரிகிறது என்றால், நமக்கு எவ்வளவு பிந்தித் தெரியும்!

மலையிலே இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. படியில் அடிக்கடி கால் தவறுவது, பக்கத்து நிரையில் நிற்கிறவர் மேல் இடிப்பது, ஓரமாக வரும் லொறியைக் காணாமல் திடுக்கிடுவது. "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

கண்ணில் வெண்படலம் விழுவது வேறு நோய். அதை ஒபரேஷன் செய்து வில்லை வைத்தால் பார்வை திரும்பும். குளுக்கோமாவுக்கு அப்படித் திரும்பாது. "பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒபரேஷன் செஞ்சு நல்லா தெரியுது, எனக்கு ஏன் தெரியல?" என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும்.

6. மருந்து உண்மையாகவே உதவுமா?

உதவும். சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சுவீடன் நாட்டில், குளுக்கோமா ஆரம்ப நிலையில் இருந்த 255 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சிகிச்சை கொடுத்து அழுத்தத்தைச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைத்தார்கள். மற்றப் பிரிவை உடனே சிகிச்சை தொடங்காமல் கவனமாகப் பார்த்து வந்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ 6 வருடத்தில், சிகிச்சை பெறாதவர்களில் 100க்கு 62 பேருக்கு நோய் கூடியிருந்தது. பெற்றவர்களில் 100க்கு 45 பேருக்குத்தான். அழுத்தம் ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலே நோய் கூடும் ஆபத்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்றும் கண்டார்கள்.

அப்படியானால் மருந்து விட்டும் சிலருக்கு நோய் கூடுகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் மருந்து விட்டால் மட்டும் போதாது, கிளினிக்குக்கும் போக வேண்டும். ஒரு மருந்து போதாவிட்டால் இன்னொன்று சேர்ப்பார்கள். லேசர் சிகிச்சை உண்டு. புதிய கான் வெட்டிவிடுகிற ஒபரேஷனும் உண்டு.

இப்போது வண்ணாத்திவில்லுச் சகோதரிக்குச் சொல்கிறோம். அப்பா தினமும் இடது கண்ணைப் பொத்திப் பார்த்து "மருந்து கேக்கல" என்கிறார். அவர் பார்க்க வேண்டியது இடது கண்ணை. கிணற்றடிக்கும் கடைக்கும் அவரைக் கொண்டுபோவதும், பேரப்பிள்ளையின் முகத்தைக் காட்டுவதும் அந்தக் கண்தான். குளுக்கோமா அநேகமாக இரண்டு கண்ணையும் பிடிக்கும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஆறு மாதம் மருந்து விட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றால், இடது கண்ணைப் பொறுத்தவரை அதுதான் வெற்றி. நாளைக்கே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டிப்போங்கள். "மருந்தை நிப்பாட்டினோம்" என்ற உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், "இந்த மருந்து போதவில்லை" என்று நினைத்து டொக்டர் தேவையில்லாமல் மருந்தைக் கூட்டிவிடுவார்.

7. யார் யார் சோதித்துப் பார்க்க வேண்டும்?

தென் தமிழ்நாட்டின் 3 மாவட்டங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் 40 வயதும் அதற்கு மேலுமான 5,150 கிராமத்தவர்களைச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 1,000 பேருக்கு 26 பேரிடம் குளுக்கோமா இருந்தது. அதில் சாதாரண வகை உள்ளவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. நமது பாட்டன் பூட்டன்மார் பலர் கப்பலேறி வந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்துதானே. ஆகவே இக்கணக்கு நமக்கும் ஒரு எச்சரிக்கை.

கீழே உள்ளவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டும்:

- 40 வயதைத் தாண்டியவர்கள்.
- தாய், தகப்பன், அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி யாருக்காவது குளுக்கோமா இருப்பவர்கள். இவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. கடிதம் எழுதிய சகோதரியும் அவரது உடன்பிறப்புகளும் இதில் அடங்குவர்.
- சீனி வருத்தம் உள்ளவர்கள்.
- கண்ணில் பலமாக அடிபட்டவர்கள்.
- ஸ்டீரொயிட் சேர்ந்த கண் மருந்தை நாட்கணக்கில் பாவித்தவர்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கொழுந்தெடுக்கும்போது வாது கண்ணில் குத்திவிட்டால், யாரோ பாவித்த சொட்டு மருந்தை வாங்கி ஊற்றுகிறோம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் சிவப்பு உடனே குறையும்; உள்ளே அழுத்தம் மெல்லக் கூடும். டொக்டர் சொல்லாமல் எந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம். பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் வேண்டாம்.

சோதனைக்குப் போனால் அழுத்தத்தை அளப்பதோடு நிற்காமல், கண்ணின் பின்பக்கம் நரம்பு வாசலையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு, கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளின் கண் கிளினிக்குக்குப் போகலாம். வண்ணாத்திவில்லில் இருப்பவர்கள் புத்தளம் வைத்தியசாலையில் கேட்டால் வழிகாட்டுவார்கள். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் சோதனைக்குக் கட்டணம் இல்லை.

8. மருந்து விடும் முறை

1. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
2. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். போத்தல் நுனி கண்ணில் படக் கூடாது.
3. கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் மூலையை விரலால் 2, 3 நிமிடம் அமத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும்.
4. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள்.
5. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் விடுங்கள். காலை மருந்தைப் பெரட்டுக்குப் போகுமுன் விடுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

டிமொலோல் என்ற மருந்து இழுப்பு வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து. ஆஸ்துமா இருந்தால், அல்லது இதயத் துடிப்பு மெதுவாக உள்ளதென்று சொல்லியிருந்தால், டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். லட்டானோபுரொஸ்ட் போன்ற மருந்துகள் சூட்டில் கெடும். மலைக் குளிரில் அவ்வளவு பயமில்லை. புத்தளக் கரையோர வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் வைத்தால் பலம் போய்விடும். பெட்டியில் எப்படி வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால், மருந்து வாங்கும்போதே எப்படி வைப்பது என்று கேளுங்கள். திறந்த தேதியைப் போத்தலில் எழுதி, 4 கிழமைக்குப் பின் புதிய போத்தல் எடுங்கள்.

9. உடனே ஓட வேண்டிய நேரம்

குளுக்கோமாவில் இன்னொரு வகை, கான் ஒரேயடியாக அடைபடுவது. கண்ணில் கடும் வலி, அந்தப் பக்கம் தலையிடி, சத்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவந்து பார்வை மங்குதல். இதைப் பித்தம் என்று நினைத்துக் கசாயம் குடித்துப் படுத்துவிடாதீர்கள். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். மணிக்கணக்கில் கலங்கள் போய்விடும். அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கலந்து பேசுவதற்கு

அடுத்த குடும்பக் கூட்டத்தில் இக்கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. கண் அழுத்தமும் இரத்த அழுத்தமும் எப்படி வேறுபடுகின்றன?
2. கவ்வாத்து வெட்டிய செடிக்கும் வேர் அழுகிய செடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் கலங்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.
3. "வித்தியாசம் இல்லை, மருந்து எதுக்கு?" என்று கேட்கும் பெரியவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?
4. உங்கள் லயத்தில் 40 வயது தாண்டியும் ஒருமுறைகூடக் கண் சோதிக்காதவர்கள் எத்தனை பேர்? பெயரை எழுதி டிஸ்பென்சரியில் கொடுங்கள். ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாளில் கிளினிக்குக்குப் போனால் வழித்துணையும் ஆகும், வான் கூலியும் குறையும்.